பெங்கேட்: சாலையோரம் பிறந்த ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடக்கு மலைப்பகுதியில் இருக்கும் பெங்கேட் மாகாணத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். பாகியோ என்ற கோடைநகரைச் சிலர் அறிந்திருப்பீர்கள். சுற்றிலும் பெங்கேட் இருந்தாலும் அது தனி நிர்வாக நகரம். மாகாணத் தலைநகர், அதை ஒட்டியுள்ள லா திரினிடாட்.

பாகியோவைக் கோடைத் தலைநகராக்க விரும்பிய, அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட அமெரிக்க ஆட்சி, புயேத் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே மலைமேல் சாலை போடத் தொடங்கியது. வேலை இழுத்துக்கொண்டே போனது. 1903இல் கென்னன் என்ற ராணுவ அதிகாரி பொறுப்பேற்றார். 1905இல் வண்டிகள் மேலே ஏறின. பாறையை உடைத்தவர்கள் பிலிப்பினோக்கள், ஜப்பானியர், சீனர் எனப் பல நாட்டுக் கூலியாட்கள். நோயிலும் விபத்திலும் பலர் மாண்டார்கள். சாலைக்கு அதிகாரியின் பெயர்தான் நிலைத்தது. ஆனாலும் தொழிலாளர் முகாம்கள் இருந்த இடங்களை மக்கள் இன்றும் கேம்ப் 3, கேம்ப் 6 என்றே அழைக்கிறார்கள். அந்த உழைப்பாளிகளுக்கு மிஞ்சிய அடையாளம் அதுதான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

என் மனதுக்கு நெருக்கமானது இன்னொரு சாலை, ஹால்செமா. பாகியோவின் மேயராகவும் இருந்த பொறியாளர் ஒருவரின் பெயர் அது. லா திரினிடாட்டிலிருந்து மலை முகட்டை ஒட்டியே அண்டை மாகாணத்தின் பொந்தோக் ஊர் வரை போகும். அதோக் அருகே 2,255 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. நாட்டிலேயே உயரமான நெடுஞ்சாலை என்ற பெருமை நெடுங்காலம் இதற்குத்தான் இருந்தது.

வழியில் புகியாஸ் வட்டாரத்தின் அபாதான், சாலை பிரியும் சந்தியிலேயே வளர்ந்த ஊர். ஒரு கிளை மங்காயன் சுரங்கப் பக்கம் இறங்குகிறது. கடை, பஸ் நிறுத்தம், உரமூட்டை, காய்கறி லாரி எல்லாம் அங்கேதான்.

சாலையிலிருந்து தள்ளியிருக்கும் தோட்டங்களின் கதை வேறு. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வடம் கட்டியிருப்பார்கள். எதிர்ச்சரிவில் அறுத்த முட்டைக்கோஸும் கேரட்டும் மூட்டையாக அதில் தொங்கியபடி சாலையோரம் வந்து சேரும். வடம் இல்லாத இடத்தில் மனிதத் தோள்தான். அங்கிருந்து லா திரினிடாட் மொத்தச் சந்தை, பிறகு மணிலா.

மழைக்காலத்தில் மண் சரிந்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். லாரி நின்ற இடத்திலேயே காய் அழுகும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் நிற்கும். 1990 ஜூலை 16 நிலநடுக்கத்தில் பாகியோவுக்கு ஏறும் முக்கியச் சாலைகள் எல்லாமே அடைபட்டன. ஹெலிகாப்டரில்தான் உதவி போய்ச் சேர்ந்தது.

சரிவுக்கு மழையை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. சாலை வந்ததும் தோட்டம் வந்தது, தோட்டத்துக்காகக் காடு போனது. மவுண்ட் டாட்டா (Mount Data) என்ற மலையில் உள்ள தேசியப் பூங்காவின் பெரும்பகுதி காய்கறி வயலாகிவிட்டது. வேர் பிடித்திருந்த மண் இன்று வெறுமனே கிடக்கிறது. விவசாயியை வெளியேற்றச் சொல்லவில்லை. அவருக்கு அந்த மண்தான் சோறு. ஆனால் சாலையை அகலப்படுத்த ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை வடிகாலுக்கும், மேல்சரிவில் மீண்டும் பைன் மரங்களை வளர்ப்பதற்கும் தரவேண்டும். அதைச் செய்யாமல் போடும் தார், அடுத்த புயலில் ஆற்றுக்குத்தான் போகும்.