தண்ணீர் கேட்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்க இசைந்து வந்திருக்கும் கல்வித் துறைப் பெரியோர்களே, குழந்தை நரம்பியல் மருத்துவப் பெருமக்களே, இந்த மாலைக்காக ஓடியாடி உழைத்த பெற்றோர் சங்க நிர்வாகிகளே, பிள்ளைகளை மடியில் ஏந்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவ அம்மையார் உடற்பயிற்சியையும் பேச்சுப் பயிற்சியையும் அழகாக விளக்கினார். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

சிறுமூளை சரிவர உருவாகாமல் பிறக்கும் பிள்ளைகளின் ஜூபேர் நோய்க்குறி எப்படி வருகிறது, பயிற்சி என்ன செய்யும், பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் நான் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். நான் எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன்.

1969ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில் மேரி ஜூபேர் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரே குடும்பத்தில் பிறந்த நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மூச்சு சில நேரம் வேகமாக ஓடியது, சில நேரம் நின்றது. கண்கள் நிலைகொள்ளாமல் அலைந்தன. நடையில் தள்ளாட்டம் இருந்தது, அறிவு வளர்ச்சியும் பின்தங்கியது. உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையின் நடுப்பகுதி அவர்களுக்குச் சரிவர உருவாகியிருக்கவில்லை. இன்று மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில் கடைவாய்ப் பல்லின் வடிவில் தெரியும் ‘கடைவாய்ப் பல்’ அடையாளத்தை வைத்து இந்த நோயை உறுதிசெய்கிறார்கள்.

தாய்மார்களே, இதை உங்களுக்காகவே சொல்கிறேன். பெரும்பாலான குடும்பங்களில் தாய், தந்தை இருவருமே மாறுதலடைந்த ஒரு மரபணுவைத் தாங்கள் அறியாமலே சுமக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. கர்ப்ப காலத்தில் நீங்கள் உண்டதோ, அழுததோ, அலைந்ததோ இதற்குக் காரணம் அல்ல. உங்களைக் குறை சொன்னவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் சொன்னது தவறு.

அந்த மரபணுக்கள் செல்லின் மேற்பரப்பில் உள்ள சிலியா என்ற மெல்லிய இழைகளோடு தொடர்புடையவை. அந்த இழைகள் மூளையில் மட்டுமா இருக்கின்றன? சிறுநீரகத்தில் இருக்கின்றன, விழித்திரையில் இருக்கின்றன, கல்லீரலின் பித்தக் குழாய்களில் இருக்கின்றன. நம் கவனமோ பிள்ளையின் நடையிலேயே நின்றுவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளை தள்ளாடித் தள்ளாடி நடக்கப் பழகிவிட்டாள். வீடே கொண்டாடியது. சில ஆண்டுகளில் இரவில் எழுந்து தண்ணீர் கேட்கத் தொடங்கினாள். ஒரு குவளை போதவில்லை. மறுபடி எழுப்புவாள், மறுபடி குடிப்பாள், விடிவதற்குள் படுக்கை நனைந்துவிடும். “நீ தண்ணீர் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டாய்” என்று பாட்டி மருமகளைக் கடிந்துகொண்டார். மாலைக்குமேல் தண்ணீர் கிடையாது என்று வீட்டில் சட்டமாயிற்று. பாத்திரத்தை எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பேச்சு தெளிவாக வராத அந்தப் பிள்ளை குளியலறைக் குழாயடியில் போய் வாயை வைத்துக் குடித்தாள். அதையும் பிடிவாதம் என்றார்கள். பள்ளியில் சோர்ந்து படுத்தாள், நோயின் இயல்பு என்றார்கள். முகம் வெளுத்தது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார்கள். காய்ச்சலுக்காகச் செய்த ஓர் இரத்தப் பரிசோதனையில்தான் உண்மை வெளிப்பட்டது. சிறுநீரகங்கள் பாதிக்குமேல் செயலிழந்திருந்தன. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலை அவை இழந்துவிட்டதால்தான் அவ்வளவு தாகம். அவள் உயிர் கேட்ட தண்ணீரை அன்புள்ளவர்களே மறைத்து வைத்தார்கள். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை என்னால் மறக்க முடியவில்லை. அவர்மீது குற்றம் இல்லை. இப்படியும் நேரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். சிறுநீரக நோய் இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருவதில்லை, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வருகிறது. வந்தால் ஓசையின்றி வருகிறது. ஆகவே ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்பது, காலைச் சிறுநீர், வயிற்று ஸ்கேன், கல்லீரல் செயல்பாடு, விழித்திரை ஆகிய அனைத்தையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, நேரம் இல்லை. ஒன்று மட்டும். இந்தப் பிள்ளைகள் பேசுவதைவிட அதிகமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆசிரியர்கள் தயவுசெய்து பதிலுக்குக் காத்திருங்கள்.

மருத்துவப் பெருமக்களிடம் என் கோரிக்கை இதுதான். ‘கடைவாய்ப் பல்’ என்று அறிக்கை எழுதும் அன்றே, அணை போடும் அந்த ஆண்டுப் பரிசோதனைகளின் பட்டியலையும் தாய்மொழியில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். பட்டியலின் முதல் வரியில் தாகத்தைப் பற்றி எழுதுங்கள். அதற்கான தீர்மானம் மேசைமேல் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டுகிறேன். பெற்றோர்கள் அவரைத் தொடர்ந்து மேடைக்கு வரலாம்.