இரண்டாவது பேட்டரியும் இட்லி மாவும்

வணக்கம் நேயர்களே. தெற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் இருக்கும் ஊட்னடாட்டா பாதையில் போய் வந்ததைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் அடிலெய்டில் நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும், ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய கையோடு, "அண்ணே, ரெண்டாவது பேட்டரி எப்படி மாட்டினீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் இன்று அதையே பேசிவிடுகிறேன்.

மரீயிலிருந்து மார்லா வரைக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல் மண் பாதை. பழைய கான் ரயில் ஓடிய தடத்தை ஒட்டிப் போகும். நடுவில் வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என்று ஓரிரண்டு சின்ன ஊர்கள்தான். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி வெயில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கோடையில் யாரும் போவதில்லை என்றாலும், செப்டம்பரில் போனாலே ஐஸ் பெட்டி இரண்டு நாள் தாங்கினால் பெரிது. அப்புறம் வண்டி பேட்டரியில் ஓடும் பிரிட்ஜ்தான். 40 லிட்டர் பிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 30 ஆம்ப் அவர் இழுக்கும் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப் அவர்), வெயில் ஏறினால் இன்னும் கூட. அதை வண்டியோடு வந்த பேட்டரியில் மாட்டி இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றால், சாவியைத் திருப்பும்போது 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த பேட்டரிக்குள் இருப்பது மெல்லிய தகடுகள், ஓரிரு நொடிக்குச் சில நூறு ஆம்பியரை அள்ளிக் கொடுத்து இன்ஜினைச் சுழற்றுவதற்காகச் செய்தது. ராத்திரி முழுக்க நிதானமாகக் கொடுக்க வேண்டும் என்றால் தடித்த தகடு உள்ள டீப் சைக்கிள் பேட்டரி தனியாக வேண்டும், அதுவும் முதல் பேட்டரியின் சார்ஜைத் தொடாதபடி பிரித்து வைக்க வேண்டும்.

என் ஹைலக்ஸ் வண்டியை நான் பழையதாக வாங்கியபோது பின்னால் 100 ஆம்ப் அவர் ஏஜிஎம் (மூடி அடைத்த ஈய-அமில வகை) பேட்டரி ஒன்று ஏற்கனவே மாட்டியிருந்தது. முதல் பயணத்திலேயே விடியற்காலையில் பிரிட்ஜ் நின்றுபோனது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதியது வாங்கினேன். அடுத்த பயணம், அதே பாதையில் உள்ள கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் காலையில் பிரிட்ஜைத் திறந்தால், இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, பால் பாக்கெட் மேலெல்லாம் வழிந்திருக்கிறது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி முனையில் 12.4 வோல்ட், ஒரு குறையும் இல்லை. பிரிட்ஜை மறுபடி ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கில் வைத்துப் பார்த்தேன், 11.5. நடுவில் இருந்த நூல் மாதிரி ஒயரும், தளர்ந்துபோன சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் கிட்டத்தட்ட ஒரு வோல்ட்டைச் சாப்பிட்டுவிட்டன. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து பிரிட்ஜ் தானே அணைந்துகொண்டது. குற்றம் சாட்டப்பட்ட பேட்டரி நிரபராதி.

ஆகவே என்ன பேட்டரி என்று கேட்பதற்கு முன்னால் என்ன ஒயர் என்று கேளுங்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் இதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. கடையில் '6 எம்.எம். ஆட்டோ கேபிள்' என்று விற்கிறார்களே, அந்த 6 என்பது மேலே உள்ள பிளாஸ்டிக்கையும் சேர்த்து அளந்த குறுக்களவு. உள்ளே இருக்கும் செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். '6 பி அண்ட் எஸ்' என்று வேறொரு அளவுமுறையில் கேட்டு வாங்கினால் செம்பு 13.5 சதுர மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்ஜினிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர், 30 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் ஒயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும், இரண்டாவதில் 0.4 கூட இல்லை. இரண்டுக்கும் பெயரில் 6 இருக்கிறது, அவ்வளவுதான் ஒற்றுமை.

இன்னொன்று ஃபியூஸ், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு ஒயரில் கரண்ட் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும், இந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி. நடுவில் எங்காவது சேசிஸ் விளிம்பில் உரசித் தோல் கிழிந்தால் இரண்டு பக்கமிருந்தும் தீ மூட்டும் அளவுக்குக் கரண்ட் பாயும். அதனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஃபியூஸ், இரண்டும் பேட்டரியை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குள். தகரத்தில் துளை வழியே ஒயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள், மண் பாதையின் அதிர்வில் அந்தத் துளை கத்தி மாதிரி அறுக்கும்.

இரண்டு பேட்டரிக்கும் நடுவில் வைப்பது ஐசோலேட்டரா, டிசி டிசி சார்ஜரா? பழைய வண்டி என்றால் ஐசோலேட்டர் போதும். இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் வாக்கில் வந்ததும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். புதிய வண்டிகளில் பலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்க, இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரே வோல்டேஜை அடிக்கடி 13க்குக் கீழே இறக்கிவிடுகிறது, ஐசோலேட்டர் நாள் முழுக்கச் சேர்வதும் பிரிவதுமாக இருக்கும், பின் பேட்டரி நிரம்பாது. அங்கே, வருகிற வோல்டேஜைப் பின் பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் டிசி டிசி சார்ஜர் கட்டாயம். லித்தியம் பேட்டரி என்றாலும் அதேதான். ஏஜிஎம்மில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், லித்தியத்தில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் லித்தியத்தை இன்ஜின் பக்கத்துச் சூட்டில் வைக்கக் கூடாது, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் பண்ணவும் கூடாது. ஜூலையில் ஃப்ளிண்டர்ஸ் மலைப் பக்கம் கூடாரம் போட்டவர்களுக்கு அந்த விடியற்காலைக் குளிர் தெரியும்.

கடைசியாக மழை. அந்த மண்ணில் கொஞ்சம் மழை பெய்தாலே பாதையை மூடிவிடுவார்கள், இருந்த இடத்திலேயே இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டியதுதான், வண்டி ஓடாததால் சார்ஜும் ஏறாது. நான் ஒரு 120 வாட் சோலார் பலகையைச் சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன். நல்ல வெயிலில் 6 ஆம்பியர் வாக்கில் தரும், ஐந்து மணி நேரத்தில் பிரிட்ஜின் ஒரு நாள் செலவு திரும்பி வந்துவிடும். மேகம் மூடினால் அதில் பாதிகூட வராது, அப்போது பிரிட்ஜை 3 டிகிரியிலிருந்து 6க்கு ஏற்றி வைத்துவிட்டு, இருக்கிற மாவை முதலில் ஊற்றித் தீர்த்துவிடுவோம்.