கடல் கடந்த காவியங்களை வாழவைத்தது மறுகூறியோரின் உரிமையே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அறிஞர் பெருமக்களே, அவை நிறைந்த சான்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் இதிகாசங்கள் கடல் கடந்தும் வாழ்வதற்குப் பெரிதும் காரணம் மூலத்தின் பெருமையா, மறுகூறியோர் எடுத்துக்கொண்ட உரிமையா என்பது இன்றைய தலைப்பு. மூலத்தின் பெருமையே என்று வாதாட வந்த எதிரணித் தலைவர் மூன்று செய்திகளை அழுத்திச் சொன்னார். கம்பரே "உரையின்படி" என்று கூறி வால்மீகிக்குக் கட்டுப்பட்டார் என்பது ஒன்று. எந்த நாட்டுக்குப் போனாலும் கதையின் முதுகெலும்பு மாறவில்லை என்பது மற்றொன்று. அயல்நாட்டார் செய்த மாற்றங்கள் வெறும் சிதைவுகள், அனுமனுக்கே காதலியரைத் தேடித் தந்துவிட்டார்கள் என்பது மூன்றாவது. அவையில் பெரிய கைத்தட்டலைப் பெற்றது இந்த மூன்றாவதுதான். அதற்கும் வருகிறேன்.

முதலில் கம்பர், ஏனெனில் எதிரணியார் தம் வலிமையான சாட்சியாக அழைத்தவர் அவரே. "தேவபாடையின் இக்கதை செய்தவர் மூவர் ஆனவர் தம்முளும் முந்திய நாவினான் உரையின்படி" என்பது பாடல். எதிரணித் தலைவர் மூன்றாம் அடியை மட்டும் எடுத்துக்காட்டினார். நான் முதலடியிலிருந்து படிக்கச் சொல்கிறேன். வடமொழியிலேயே இக்கதையை மூவர் செய்திருக்கிறார்கள் என்றும், அவர்களுள் முந்தியவரைத் தாம் தேர்ந்துகொண்டதாகவும் கம்பர் சொல்கிறார். ஆகவே அவர் காலத்திலேயே இராமகாதை தனியொருவரின் உடைமையாக இருக்கவில்லை. சரி, தேர்ந்துகொண்ட பிறகு என்ன செய்தார்? வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலை ஒரு கையாலும் தொடையை மறு கையாலும் பற்றித் தூக்குகிறான். கம்பரில் பர்ணசாலை நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான், அவன் விரல்கூட அவள்மீது படவில்லை. வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை யுத்த காண்டத்தில் ஒரு படலமாகவே விரித்து வீடணன் வாயில் வைத்தார். நாம் மேடைதோறும் பாடிக் களிக்கும் "அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்" என்ற மிதிலைக் காட்சியும் வால்மீகியில் கிடையாது. பணிவாக ஓர் அவையடக்கம் பாடிவிட்டு, வேண்டிய இடத்திலெல்லாம் தம் விருப்பப்படி நடந்துகொண்டவரை எதிரணியார் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். அவர் பேசியது எங்களுக்காக.

அதே கம்பர் மலை கடந்து சென்ற கதையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பாலக்காட்டு வட்டாரத்துப் பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில், வெண்திரைக்குப் பின்னால் விளக்குகளை வரிசையாக ஏற்றி, மலையாளக் கலைஞர்கள் இரவு முழுவதும் தோற்பாவைக்கூத்து நிகழ்த்துகிறார்கள். அவர்கள் வாயில் வருவன கம்பரின் பாடல்கள். இராமனும் இராவணனும் போரிட்டபோது தாருகன் என்ற அசுரனோடு போரில் இருந்த பத்திரகாளியால் அதைக் காண முடியவில்லையாம். அவளுக்காகவே ஆண்டுதோறும் கூத்து நடக்கிறது. திரைக்கு முன்னால் மனிதர் ஒருவரும் இல்லாத இரவிலும் அது நிற்பதில்லை. அந்தத் தேவிக்கு வால்மீகியின் சுலோகம் போதாமல் கம்பரின் விருத்தம் வேண்டியிருக்கிறது என்பதை எதிரணியார் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

முதுகெலும்பு மாறவில்லை என்ற வாதத்துக்கு நெடுநேரம் தேவையில்லை. பாலி மொழியில் உள்ள தசரத ஜாதகத்தில் இராவணனே இல்லை, சீதை இராமனுக்குத் தங்கை. விமலசூரியின் சமண இராமாயணத்தில் இராவணனைக் கொல்பவன் இலக்குவன். கொல்லாமை காத்த இராமன் வீடுபேறு அடைகிறான். தாய்லாந்தின் இராமகியனில் சீதை இராவணனின் மகள், பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்டவள். லாவோஸ் நாட்டார் கதையின் பெயரிலேயே இலக்குவனை இராமனுக்கு முன்னால் நிறுத்தி "பிர லக் பிர லாம்" என்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு எஞ்சுகிற எலும்பு எது என்று எதிரணியார் தொட்டுக் காட்டட்டும்.

இனி ஜாவா. எங்கள் அணியின் முழு வலிமையும் அங்கேதான் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் எழுந்த பிரம்பானன் கோயிலின் சுற்றுச் சுவரில் இராமகாதை கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய ஜாவா மொழியில் பிறந்த இராமாயணக் காவியமோ வால்மீகியைப் பின்பற்றவில்லை. பட்டி என்ற புலவரின் வடமொழிக் காவியத்தைத் தழுவித் தொடங்கி, பிற்பகுதியில் தன் வழியே போகிறது. ஆக, அந்நாட்டின் முதற்படியே ஒரு மறுகூறலின் மறுகூறல். அதன்பின் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஜாவாவை ஆண்ட இந்து-பௌத்தப் பேரரசான மஜாபாகித் தேய்ந்து, ஜாவா மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். மூலத்தின் புனிதம்தான் கதையைத் தாங்கியது என்றால், அந்தப் புனிதத்தை வழங்கிய சமயம் நீங்கியபோதே கதையும் நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. இன்றும் இராமகாதையையும் மகாபாரதத்தையும் காட்டும் தோற்பாவை நிழற்கூத்தான "வயாங் கூலித்" இரவு தொடங்கி விடியும் வரை நடக்கிறது. "டாலாங்" எனப்படும் ஒற்றைக் கலைஞர் திரைக்குமுன் சம்மணமிட்டு அமர்ந்து, வாழைத்தண்டில் பாவைகளைச் செருகி வைத்துக்கொண்டு, அத்தனை பாத்திரங்களுக்கும் தாமே குரல் கொடுக்கிறார். பாவைப் பெட்டியை மரச்சுத்தியலால் தட்டி இசைக்குழுவுக்குக் குறிப்புத் தருகிறார். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். யுனெஸ்கோ இக்கலையை 2003இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

இது எப்படி நடந்தது? நள்ளிரவை ஒட்டி அந்தத் திரையில் தோன்றும் சேமாரைப் பாருங்கள். தொங்கும் தொப்பையும் பருத்த பின்புறமும் கொண்ட பணியாள். கரேங், பெத்ருக், பாகோங் என்ற மூவர் அவரைத் தொடர்ந்து வந்து கேலி பேசுவார்கள். வியாசரிடத்தில் இந்நால்வருக்கும் இடமில்லை. ஆனால் ஜாவா மரபில் சேமார் மண்ணுக்கு இறங்கிவந்த தேவர், தேவர்தலைவரான பட்டார குருவுக்கே மூத்தவர். பாண்டவர்கள் வழி தவறும்போது அறிவுரை சொல்வது அந்தப் பணியாளின் வாய்தான். இதைக் காணும் உழவருக்குக் குருக்ஷேத்திரம் இன்னொரு நாட்டார் பூசலாகத் தெரியாது; அவரைப் போன்ற ஒருவர் அதன் நடுவில் நிற்கிறார் அல்லவா? தருமரிடமிருக்கும் "கலிமசாதா" என்ற அரிய ஏட்டையும், பிற்கால ஜாவா மக்கள் இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவாகவே விளங்கிக்கொண்டார்கள். சமயம் மாறியவர்கள் கதையைக் கைவிடாமல், கதைக்குள்ளேயே தம் புதிய சமயத்துக்கு இடம் கண்டார்கள்.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்காக என் அணித் தலைவர் என்னைக் கடிந்துகொள்ளலாம். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவா உரைநடையில் வந்த ஆதிபருவத்தில் ஐவருக்கும் மனைவியாக இருந்த திரௌபதி, பின்னாளைய நிழற்கூத்தில் தருமர் ஒருவருக்கே மனைவியாகிவிடுகிறாள். அந்த மாற்றம் எனக்கு உவப்பானதன்று. ஐவரை மணந்தும் காப்பார் இன்றி நின்ற ஒருத்தி சபையில் எழுப்பும் கேள்வியின் கூர்மை அதில் மழுங்கிப் போகிறது. ஆனால் எந்த வடிவம் சிறந்தது என்று தீர்ப்பளிக்க இம்மன்றம் கூடவில்லை. கதை எதனால் வாழ்ந்தது என்று கேட்கத்தான் கூடியிருக்கிறது.

மலாய் மொழியின் இராமகாதைக்கு "ஹிகாயத் செரி ராம" என்று பெயர். அதன் பழைய ஏடு ஒன்று 1633ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பேராயர் வில்லியம் லாட் கையில் இருந்து, இன்று ஆக்ஸ்போர்டில் காக்கப்படுகிறது. அதில் சரந்தீபில் தலைகீழாகத் தவம் செய்யும் இராவணனுக்கு இறைவனிடம் வரம் பெற்றுத் தருபவர் நபி ஆதம். எதிரணி நண்பர்களில் சிலர் சிரிக்கிறார்கள். சற்றுப் பொறுங்கள். சுவர்க்கத்திலிருந்து ஆதம் இறங்கிய இடம் சரந்தீப், அதாவது இலங்கை, என்பது இஸ்லாமிய உலகில் பழைய நம்பிக்கை. சிவனொளிபாத மலையை ஆதம் மலை என்று வழங்குவதும் அதனால்தான். இராவணனின் நாடும் இலங்கை. ஒரே தீவில் இருந்த இருவரும் சந்தித்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தவரைச் சிதைத்தவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நீதி தவறாமல் ஆள வேண்டும் என்ற நிபந்தனையோடு வரத்தைக் கொடுக்கச் செய்து, இராவணனின் வீழ்ச்சிக்கு அவர் ஓர் அறக்காரணத்தையும் முன்கூட்டியே நாட்டிவிட்டார்.

இப்போது அனுமன். 1767இல் தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயா பர்மியப் படையால் அழிந்தபின், புதிய தலைநகரில் முதலாம் இராமர் என்று அறியப்படும் மன்னர் 1797இல் இராமகியனைத் தொகுத்து இயற்றுவித்தார். அதில் சேதுவுக்காக இட்ட கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அனுமன் கடலில் மூழ்கிப் பார்க்கிறான். மீன்கூட்டத்தை ஏவிக் கற்களை அகற்றுவிப்பவள் இராவணனின் மகளான மச்சகன்னி சுவன்னமச்சா. சண்டை காதலாகிறது, பின்னர் மச்சானு என்ற மகன் பிறக்கிறான். வீடணன் மகள் பென்யகாய் கதை இன்னும் நுட்பமானது. சீதை இறந்துவிட்டாள் என்று நம்பவைக்க அவள் சீதையின் உருவெடுத்து, இராமன் நீராடும் ஆற்றில் பிணமாக மிதந்து வருகிறாள். இராமன் கதறுகிறான். அனுமனோ, உடல் அழுகவில்லையே, நீரோட்டத்துக்கு எதிராக அல்லவா வந்திருக்கிறது என்று ஐயுற்றுச் சிதை மூட்டச் சொல்கிறான். பென்யகாய் புகையோடு புகையாக மேலெழுந்து ஓடுகிறாள். வால்மீகியில் மாயசீதையை வெட்டிக் காட்டுபவன் இந்திரசித்து. அதே சூழ்ச்சியை ஆற்றங்கரையில் வாழும் மக்கள் ஆற்றிலேயே மிதக்கவிட்டார்கள். நமக்குப் பிரம்மசாரியாகிய அனுமன் வழிபடு தெய்வம். பௌத்தர்களாகிய அவர்களுக்கு அவன் மிகச் சிறந்த போர்வீரன், வீரனுக்குக் காதல் குறையாகாது. அந்த அனுமனைப் பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலின் சுற்று மண்டபத்தில் 178 ஓவியப் பகுதிகளில் தீட்டி, வண்ணம் மங்கும் போதெல்லாம் புதுக்கி வருகிறார்கள். சிதைத்தவர்கள் செய்கிற வேலையா இது?

கரீபியத் தீவான டிரினிடாடை எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் எடுத்துக்காட்டினார். 1845 முதல் அங்கே கப்பலேறிப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் நூலை மாற்றாமல் காத்தார்கள் என்றார். காத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் காத்த நூல் துளசிதாசர் அவதி மொழியில் செய்த இராமசரிதமானஸ், அதுவும் மறுகூறல்தான்.

நடுவர் அவர்களே, எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு வினாவை வைக்கிறேன். ஜாவாவின் உழவரும் தாய்லாந்தின் படகோட்டியும் பாலக்காட்டுக் கூத்தரும் வால்மீகியையோ வியாசரையோ வடமொழியில் கேட்டவர்கள் அல்லர். கேளாத மூலத்தின் பெருமை, அதைப் போற்றிய சமயமும் அகன்றுவிட்ட ஒரு நாட்டில், எந்த வழியாக வந்து அந்த உழவரை விடியும்வரை திரைமுன் உட்கார வைக்கிறது? இதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடருமாறு அவரைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.