திரையில் உடுத்திய உடையைத் துவைக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

படத்தில் நடிகர் உடுத்திய அசல் உடை ஒன்று கைக்கு வந்ததும், துவைத்து இஸ்திரி போட்டு வைக்கத்தான் பலருக்கும் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். காலரில் படிந்த மேக்கப், அக்குளில் வியர்வைக் கறை, இடுப்பில் அவசரமாகப் பிடித்துப் போட்ட தையல், இவையெல்லாம் ஷூட்டிங்கின் தடயங்கள். அவை போய்விட்டால் மிஞ்சுவது பழைய துணிதான்.

சரி, அது அசல்தானா? ஒரே உடையைப் பல பிரதி தைப்பார்கள்: நடிகருக்கு, சண்டைக்காட்சிக்கு, டூப்புக்கு என்று. கட்டம் போட்ட சட்டை என்றால் நமக்கு யோகம். பாக்கெட் ஓரத்தில் கட்டம் எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்பது சட்டைக்குச் சட்டை மாறும். படத்தை ஒரு ஃபிரேமில் நிறுத்தி, துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெறும் வெள்ளைச் சட்டை என்றால் பெரும்பாடு. பழைய ஹாலிவுட் உடைகளில் உள்பக்கம் நடிகர் பெயர் எழுதிய துண்டு இருக்கும். அதை மட்டும் நம்ப முடியாது. பிரித்துத் தைத்து இன்னொரு படத்துக்குக் கொடுத்த உடைகள் ஏராளம்.

1970இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன் கிடங்கை ஏலம் விட்டபோது நடிகை டெபி ரேனால்ட்ஸ் உடைகளை அள்ளி வாங்கினார். அவற்றுக்கு நிலையான ஓர் அருங்காட்சியகம் அமையாமலே போயிற்று. 2011இல் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். மர்லின் மன்றோவின் வெள்ளை உடை மட்டும், கமிஷன் சேர்க்காமலே, 46 லட்சம் டாலருக்குப் போனது. விலையை விட்டுத்தள்ளுங்கள். ஒருவர் நாற்பது ஆண்டு கட்டிக்காத்த தொகுப்பு சிதறியதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம், காட்சிக்கு வைப்பது. வெளிச்சம் சாயத்தைத் தின்னும், வெளுத்தது வெளுத்ததுதான். அதனால்தான் அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் ஒளி விடுவதில்லை. 1930களின் சமிக்கிகள் பல ஜெலட்டினில் செய்தவை; ஈரமும் சூடும் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். மணி கோத்த கனமான உடையை ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள்பட்டை கிழியும். படுக்கவைத்து, அமிலமில்லாத தாளை மடிப்புகளில் திணித்து வையுங்கள். பொம்மையில் மாட்டினால் பொம்மையைத்தான் உடைக்கேற்ப இழைக்கவேண்டும். பொம்மைக்காக உடையில் குண்டூசி குத்துவது கொடுமை.

ரப்பர் நுரையில் செய்த சூப்பர் ஹீரோ உடைகள் பெட்டிக்குள் இருந்தாலும் நாளடைவில் பொடிந்துபோகும். அவற்றைச் சேர்ப்பவர்கள் இப்போதே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.