மடிசஞ்சி என்று யாரைச் சொல்லலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "தேதி போடாத விண்ணப்பத்தை நான் வாங்குவதில்லை. அதனால் அலுவலகத்தில் என்னை மடிசஞ்சி என்கிறார்கள். இது வசவா? எனக்குப் பொருந்துமா?"

உங்களுக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மடி என்பது ஆசாரச் சுத்தம். துவைத்த துணியைப் பிறர் கை படாமல் உயரக் கொடியில் கழியால் உலர்த்தி, குளித்த பின் அந்தக் கழியாலேயே எடுத்து உடுத்துவார்கள். தாமிரபரணிக் கரையில், கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களின் அக்கிரகாரத்து வீடுகளில், அந்தக் கொடியையும் மூலையில் சாத்தியிருந்த கழியையும் பார்த்தவர்கள் நம்மில் இருப்பார்கள். பருத்திக்குத் தீட்டு உண்டு, கம்பளிக்கும் பட்டுக்கும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஆகவே மடித்துணியைக் கம்பளிப் பையில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பைதான் மடிசஞ்சி. தெலுங்கில் இன்றைக்கும் பைக்குச் சஞ்சி என்றுதான் பெயர். பையின் பெயர் நாளடைவில் அதைச் சுமந்தவருக்கு ஆகிவந்தது. ஆணையும் சொல்லலாம், பெண்ணையும் சொல்லலாம். மடிசார் என்பது புடவைக் கட்டு. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்று இந்தச் சொல் சாதியையும் சடங்கையும் தாண்டி, உடை, உணவு, ஆண் பெண் பேச்சு ஆகியவற்றில் அளவுக்கு மீறி ஒழுங்கு பார்ப்பவரைக் குறிக்கிறது. "அவர் சரியான மடிசஞ்சி, கல்யாண வீட்டில் யாராவது சத்தமாகச் சிரித்தால்கூட முகம் சுளிப்பார்" என்று சொன்னால் அது சரியான பிரயோகம். இதில் கேலி உண்டு; தோழிகளுக்குள் அது செல்லமாகவும் இருக்கலாம். ஆனால் பிறப்பைக் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னால் வசவுதான். அதே சமயம், 'தள்ளி நில்' என்று விலக்கப்பட்டவர்களின் வாயில் இந்தச் சொல் காரமாகவே ஒலிக்கும் என்பதையும், அந்தக் காரத்தில் நியாயம் இருக்கிறது என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

ஊருக்காக ஆசாரம் காட்டிவிட்டு மறைவில் வேறு மாதிரி நடப்பவரை இப்படிச் சொல்லக் கூடாது. அவருக்கு ஆசாரக்கள்ளன் என்று தனிப் பெயரே இருக்கிறது. மடிசஞ்சி தான் நம்புவதை உண்மையாகவே கடைப்பிடிப்பவர், மற்றவர்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்து அவர்களையும் படுத்துபவர்.

தேதி இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பித் தருவது ஆசாரமன்று, அலுவலக விதி. உங்களைக் கறாரானவர் என்று சொல்லட்டும்.