கண்ணுக்குத் தப்பும் போவாக்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பாம்பு வளர்ப்பில் ஈடுபாடு கொண்டவர்களிடம், இரையை இறுக்கிக் கொல்லும் நச்சற்ற பாம்புகளான போவாக்களைப் பற்றிச் சொன்னால், நீண்டு பருத்த போவா கன்ஸ்ட்ரிக்டரோ, கிளையில் மடிந்து கிடக்கும் மரகதப் பச்சை மரப் போவாவோதான் அவர்கள் நினைவில் எழும். சிற்றுருவும் சாதுவான குணமும் கொண்ட இனங்கள் பல இதே குடும்பத்தில் இருந்தும், அவற்றைத் தேடி வருவோர் மிகக் குறைவு. காரணத்தை அந்தப் பாம்புகளிடம் தேடுவதைவிட, நாம் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில் தேடுவதே பொருத்தம் என்று நெடுங்காலமாகக் கருதி வருகிறேன்.

பந்தாகச் சுருண்டுகொள்வதால் ‘பால் பைதான்’ (ball python) எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பின் வெண்ணிறத் திரிபு மரபுவழியில் தொடரக்கூடியது என்பது 1992ஆம் ஆண்டு மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, ஊர்வன வளர்ப்பின் போக்கே மாறிப்போனது. புதுப்புது நிறங்களையும் கோலங்களையும் உருவாக்கி விற்பதே பலருக்கு நோக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் வாழும் ரோஸி போவாவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றடியளவில் வளர்ச்சி நின்றுவிடும். கையில் எடுத்தால் நிதானமாக ஊர்ந்து செல்லும். நன்கு பராமரித்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆனால் அது ஈனுவது சில குட்டிகளையே, அதுவும் ஆண்டு தவறாமல் ஈனும் என்று சொல்வதற்கில்லை. அதன் வரிகளின் நிறம் வாழிடத்துக்கு வாழிடம் வேறுபடுவதால், அக்கறையுள்ள வளர்ப்போர் ஓரிடத்துப் பாம்பை மற்றோரிடத்துப் பாம்போடு இணைசேர்ப்பதில்லை. போற்றத்தக்க அந்தக் கட்டுப்பாடே, விரைந்து இலாபம் தேடுவோரை இந்த இனத்திலிருந்து விலக்கியும் விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தமான ரப்பர் போவாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரையிலும் இது காணப்படுகிறது. 1835இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, பாவ்லோ எமிலியோ போட்டா என்ற மருத்துவரின் பெயரை இணைத்தார்கள். பின்னாளில் இன்றைய இராக்கில் உள்ள கோர்சாபாதில் அசீரியப் பேரரசனின் அரண்மனையை அகழ்ந்தெடுத்தவரும் இவரேதான். வரியோ புள்ளியோ இல்லாத பழுப்பு உடல், நீளம் ஏறத்தாழ இரண்டடி, தலையைப் போலவே மழுங்கிய வால். விற்பனைப் பெட்டியில் வைத்தால் எவர் கண்ணையும் ஈர்க்காத தோற்றம். மண்ணுளிப் பாம்பை அறிந்தவர்களுக்கு இந்த வால் புதிதாக இராது. அந்த வால் எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கேளுங்கள். எலிவளைக்குள் புகுந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்கும் வேளையில், தாய் எலி சீறிப் பாய்ந்தால், இந்தப் பாம்பு தலையை உள்ளே வைத்துக்கொண்டு வாலை உயர்த்தி முன்னே நீட்டும். தாய் எலி அதையே தலையென்று எண்ணிக் கடித்துக்கொண்டிருக்க, உண்மையான தலை உண்பதை நிறுத்துவதே இல்லை. முதிர்ந்த ரப்பர் போவாக்களின் வால்நுனிகளில் பழைய கடித் தழும்புகள் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். மனிதர் கையில் எடுத்தாலோ, கடிக்க முற்படாமல் உடலைப் பந்தாகச் சுருட்டித் தலையை மறைத்துக்கொள்ளும். பாம்பச்சம் உள்ளவர்களுக்கு முதலில் காட்டத்தக்க பாம்பு இதுவே.

இத்தகைய உயிரினத்தை மந்தமானது, சலிப்பூட்டுவது என்று ஒதுக்குகிறார்கள். பகலில் வெளியே வராது என்பதே குறையாகச் சொல்லப்படுகிறது. மறைவிடத்தில் வாழப் பிறந்த உயிரை வெளிச்சத்தில் கிடத்திவிட்டு, அது நமக்குக் காட்சி தரவில்லை என்று வருந்துவது நியாயமாகாது. ஆழமான மண்ணும், மரப்பட்டையும், தட்டைக் கற்களும் கொடுத்து, அந்திக்குப் பின் பொறுமையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தன் வாழ்க்கையைக் காட்டும். இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். பிற பாம்புகள் அடங்கிக் கிடக்கும் குளிர்ந்த மாலையிலும் நடமாடக்கூடிய இந்த இனத்துக்கு, வெப்பநாட்டுப் பாம்புகளுக்கு வைக்கும் அதே சூட்டை ஓயாமல் வைத்தால் அது நலிந்துவிடும். அப்படி நலிந்ததைக் கண்டு, வளர்க்கக் கடினமான பாம்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனக்களிக்கப்பட்ட நேரம் விரைந்து கரைவதால், மற்ற இனங்களைச் சுருக்கமாகவே குறிப்பிட இயலும். மடகாஸ்கரின் டுமெரில் போவா, உதிர்ந்த சருகுகளோடு ஒன்றிப்போகும் அழகிய கோலம் உடையது; அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் (CITES) மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பதால், சட்டப்படி வளர்ப்பிடத்தில் பிறந்தது என்பதற்கான ஆவணம் இல்லாமல் வாங்கக் கூடாது. வானவில் போவா மிகுந்த ஈரப்பதத்தை வேண்டும் என்பதால் பலர் தயங்குகிறார்கள். நியூகினியிலும் சாலமன் தீவுகளிலும் வாழும் கண்டோயா போவாக்களின் குட்டிகள் எலியை எளிதில் ஏற்காமல் பல்லியையே நாடுகின்றன. ஆகவே இவற்றை வாங்க விரும்புவோர், வளர்ப்பிடத்தில் பிறந்து, எலியுண்ணப் பழகிவிட்ட குட்டிதானா என்பதை விற்பவரிடம் முதலில் கேட்டறிய வேண்டும். வணக்கம்.