பாங்காக்கில் கார்டை மெஷின் விழுங்கிவிட்டால்? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரு சகோதரியின் கேள்வி. "நானும் என் நாத்தனாரும் முதல்முறையாக பாங்காக் போகிறோம். பணத்தை யார் கையில் வைப்பது? நடுவில் சிக்கல் வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

இதே ஊரில் நான் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன், அதையே சொல்கிறேன். நானும் அண்ணியும் போயிருந்தோம். முதல் நாள் ராத்திரி தெருவோர ஏடிஎம்மில் 2000 பாட் (தாய்லாந்துப் பணம்) எடுத்தேன். நம் ஊரில் பல மெஷின்களில் கார்டை உருவிய பிறகுதான் பணம் வரும். அங்கே பணம் முதலில் வந்துவிட்டது. நோட்டுகளை எண்ணி அண்ணி கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் பீப் பீப் என்று சத்தம். திரும்புவதற்குள் நீட்டிக்கொண்டிருந்த கார்டு உள்ளே போய்விட்டது.

அண்ணியிடமும் ஒரு கார்டு இருந்தது. ஆனால் அதில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடவே இல்லை. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டு உள்நாட்டில் மட்டும்தான் வேலை செய்யும், வெளிநாட்டுக்கு நாம்தான் ஆன் செய்ய வேண்டும். சரி, செய்யலாம் என்று பார்த்தால் ஓடிபி வரவில்லை. ஏர்போர்ட்டில் தாய்லாந்து சிம் போட்டபோது நம்ம ஊர் சிம்மைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டோம். பாஸ்போர்ட் உறைக்குள் அது அகப்பட மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.

அன்று காலை கிராண்ட் பேலஸ் அரண்மனை வாசலில் நின்றோம். டிக்கெட் ஆளுக்கு 500 பாட். கையில் இருப்பது எத்தனை நாள் தாங்கும் என்றே தெரியாது. "நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் நிழல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றார் அண்ணி. எனக்கு மனசு வரவில்லை. இரண்டு பேரும் ஆற்றங்கரைக்குப் போய், எதிர்க்கரையில் தெரிந்த வாட் அருண் புத்தர் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். (அங்கே யாராவது வந்து "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, டுக் டுக்கில் வேறு இடம் காட்டுகிறேன்" என்றால் நம்பாதீர்கள். நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போய்க் கேளுங்கள்.)

அதனால் சகோதரி, இரண்டு பேரும் வேறு வேறு வங்கிக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. ரொக்கத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு பையில் வையுங்கள். டாலர் கொண்டுபோனால் 100, 50 நோட்டாக இருக்கட்டும், சின்ன நோட்டைவிட ரேட் நன்றாக இருக்கும். மாற்றும்போது பாஸ்போர்ட் கேட்பார்கள்.

ஏடிஎம்மில் நம் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவுக்குக் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். ரூபாயில் கணக்கிடவா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று பாட்டிலேயே எடுங்கள். கார்டு உள்ளே போய்விட்டால் உடனே ஆப்பில் பிளாக் செய்யுங்கள். உதவுகிறேன் என்று பக்கத்தில் வருகிறவரிடம் பின் நம்பரைச் சொல்லவே வேண்டாம். டூரிஸ்ட் போலீஸ் எண் 1155, இரண்டு போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், சாப்பாடு, டாக்ஸி மாதிரி பொதுச் செலவுக்குத் தினமும் காலையில் சம தொகை போட்டு ஒரு சின்னப் பை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்றாம் நாளிலிருந்துதான் அப்படிச் செய்தோம். யார் எவ்வளவு கொடுத்தது என்ற பேச்சே அதன்பிறகு வரவில்லை.

உங்கள் நாத்தனாரின் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.